ஒய் அடித்த கை

மண்ணரை, திருப்பூர்
12.3.2007

சிவபிரகாஷ் தம்பிக்கு,

பேக்கிங் செக்‌ஷன் சீனியம்மாள் எழுதுகிறேன். உங்கள் செல்லுக்கு நாலு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்து, என் குரலைக் கேட்டதும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால் நேற்று பஸ் பிடித்துச் சேவூர் போய் உங்கள் அம்மாவிடம் விலாசம் வாங்கி வந்தேன். மோர் கொடுத்துவிட்டு, "எங்க பையனால ஏதாச்சும் தொந்தரவுங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் அப்பா தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

நீங்கள் ஜனவரியில் பெங்களூர் போனபின் நடந்தது இது. நவம்பரில் நாம் வெளிநாட்டுக்கு அனுப்பிய குழந்தை உடுப்பு ஒன்றின் மடிப்புக்குள் தையல் ஊசியின் உடைந்த நுனி இருந்திருக்கிறது. அந்த ஊரில் ஒரு பதினொரு மாதக் குழந்தையின் குதிகாலில் ஏறிவிட்டது. அந்தப் பெட்டியைப் பாஸ் பண்ணியது யார் என்று சரக்கை வாங்கிய பையர் கேட்டிருக்கிறார்கள். ஈஸ்வரமூர்த்தி மேனேஜர் கம்ப்யூட்டரில் ஒரு தாள் எடுத்து வந்து என் முன்னால் போட்டார். ஊசி சோதனை முடிந்ததா என்ற கேள்விக்கு நேரே, ஆம் என்பதற்கான ஒய் எழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பெயர், சீனி. மார்ச் ஐந்தாம் தேதி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

அந்த ஒய்யை நான் அடிக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். விசாரணையில் நான் சொல்லப்போவதைக் கீழே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

பேக்கிங் புரோகிராம் பழையது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். பெட்டி நம்பர் என்ன, சைஸ் என்ன, கலர் என்ன, எத்தனை பீஸ். கடைசியாக, ஊசி சோதனை முடிந்ததா. உடுப்பில் உடைந்த ஊசி கிடந்தால் காட்டிக்கொடுக்கிற மிஷினிலிருந்து, பார்த்தாயிற்று என்று சிலிப் வந்தால்தான் நான் ஒய் அடிப்பேன். வராவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புவேன். போன ஆகஸ்டில் கையில் பிடிக்கிற ஸ்கேனர் வந்தது. அதைப் பழைய புரோகிராமுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினீர்கள். ஸ்கேனர் படித்த நம்பர்களை அது வரிசையாக எடுத்து, மனுஷி உட்கார்ந்து அடிப்பதுபோல ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அடித்தது. கடைசிக் கேள்விக்கும் அதுவே ஒய் அடித்தது.

இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். போனில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'ஊசி கேஸ்' என்று பெயர் வாங்கினால் இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னைக் கேட்டுக்குள் விடாது.

சீனியம்மாள்


பெங்களூர்
21.3.2007

சீனியம்மாள் அக்காவுக்கு,

உங்கள் போனை எடுக்காதது தப்புதான். முதல் இரண்டு தடவை வேலையில் இருந்தேன். மற்ற இரண்டு தடவை சும்மாதான் இருந்தேன். மறைக்க விருப்பமில்லை.

நீங்கள் எழுதியிருப்பதில் திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாது. நாலு கேள்விக்கு அடித்துவிட்டு, ஐந்தாவதில் நின்று ஒரு சத்தம் கொடுக்கும். நீங்கள் வந்து சிலிப்பைப் பார்த்து அடிக்கவேண்டும். ஒரு வாரம் அப்படித்தான் ஓடியது. அதை மாற்றச் சொன்னது யார் என்று நினைத்துப் பாருங்கள். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தாளில் எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டிவரும். அது உங்களுக்கு நல்லதா?

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவின் ஆறு தையல் மிஷினுக்கும் வேலை வருவது நம் கம்பெனியிலிருந்துதான். பீஸ்களை அடுக்கிக் கொடுத்தனுப்புவதும் தைத்ததை எண்ணி வாங்குவதும் ஈஸ்வரமூர்த்தி அண்ணனின் கையில் இருக்கிறது. நான் ஒரு தாள் எழுதினால் மறுநாளிலிருந்து பீஸ் வண்டி சேவூருக்கு வராது. போன வாரம் அப்பா போன் செய்து, "அந்த அம்மா எதுக்கு நம்மூட்டுக்கு வந்துச்சு கண்ணு?" என்று கேட்டார். பழைய கணக்கு விஷயம் என்று பொய் சொன்னேன்.

விசாரணையில் நீங்களே எல்லாவற்றையும் சொல்லலாம். ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. தெரிந்த ஒருவர் திறந்து பார்த்தால் புரிந்துவிடும். என் கையெழுத்து எதற்கு?

சிவபிரகாஷ்


மண்ணரை
27.3.2007

சிவபிரகாஷுக்கு,

இதுவரை நீங்கள் என்று எழுதினேன். இந்தக் கடிதத்தில் நீ என்றுதான் எழுத வருகிறது. கோபம் தீர்ந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

மாற்றச் சொன்னது நான்தான். நீ ஞாபகப்படுத்தித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. அன்றைக்குக் காலையில் கண்டெய்னர் வண்டி வாசலில் நின்றது. பெட்டிக்கு டேப் ஒட்ட ஆள் இல்லை, நானே ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அது நின்று கத்தும். டேப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு எழுத்தை அடித்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். முப்பதாவது பெட்டியில் உன்னிடம், "தம்பி, இதையும் அதுவே அடிச்சிட்டா எனக்குக் காலு மிஞ்சும்" என்றேன். நீ உடனே மாற்றவில்லை. ஈஸ்வரமூர்த்தி சாரைக் கேட்டாய். அவர், "அதுக்கு எப்பவுமே ஒய்தானுங்க தம்பி, நோ அடிச்சா வண்டி போகுமா?" என்றார். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இதை எல்லாம் சேர்த்தே எழுது. எனக்கு நல்லதா கெட்டதா என்று நீ பார்க்கவேண்டாம்.

கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, திறந்து பார்த்தால் புரியும் என்கிறாய். திறப்பது யார்? நீ போனபின் வந்த பையனுக்கு ஸ்கேனரை வயரில் சொருகி ஒரு பட்டனை அழுத்தத் தெரியும். அதற்குமேல் தெரியாது. அந்தத் தாளில் நவம்பர் பதினான்காம் தேதி, காலை பதினொன்று ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தாறுக்குள் அறுபத்துநாலு பெட்டிக்கு நான் ஒய் அடித்ததாக இருக்கிறது. பெட்டிக்கு நாலு விநாடிகூட இல்லை. அதற்குள் ஐந்து கேள்விக்கு எந்த மனுஷி பதில் அடிப்பாள் என்று மேனேஜரைக் கேட்டேன். "நீங்கதான் டைப்பிங் பாஸாச்சுங்களே" என்றார்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஊசி சோதனை மிஷினில் நிற்கிற அனுசுயாவை உனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி, எனக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறாள். நேற்று ஒரு கிழிந்த பேக்கிங் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். மார்ச் இருபத்துநாலாம் தேதி போட்டது. அதிலும் ஊசி சோதனை ஒய். அதிலும் பெயர் சீனி. நான் வெளியே வந்து பத்தொன்பது நாள் கழித்து, நான் கால் வைக்காத கம்பெனியில், என் பெயர் தினமும் முந்நூறு பெட்டிக்குச் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாம் குழந்தை உடுப்பு.

இதுவும் நான் சொன்னால் புரியாதா, நீ எழுதினால்தான் புரியுமா என்று நீயே சொல்.

சீனியம்மாள்


பெங்களூர்
2.4.2007

சீனியம்மாள் அக்காவுக்கு,

இரண்டு பக்கத் தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது. மாற்றச் சொன்னது நீங்கள், சம்மதித்தது மேனேஜர், மாற்றியது நான். மூன்றையும் எழுதிவிட்டேன்.

உங்கள் பெயர் இன்னும் ஓடுவதற்குக் காரணமும் நான்தான். புரோகிராம் உள்ளே விடவேண்டுமென்றால் யாராவது ஒருவரின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். உங்களிடம் கேட்டேன். ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தீர்கள். அதை அப்படியே ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டேன். யார் ஸ்கேன் செய்தாலும் உள்ளே போவது நீங்கள்தான். தற்காலிகம் என்று நினைத்தேன். பிறகு மறந்தேன். வேலை மாறும்போது எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீஸில் என்னால் உட்காரமுடியவில்லை. அந்த ஸ்கிரிப்டைப் பற்றி இங்கே இன்டர்வியூவில் பெருமையாகச் சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினேன். கேள்வி கேட்கிற புரோகிராமை ஆள் இல்லாமல் ஓட்டிக் காட்டினேன் என்றேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அது ஒரு கேள்வியை எதற்காகக் கேட்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அப்பாவிடம் நேற்று போனில் சொல்லிவிட்டேன். "சரி, வெச்சுடு" என்றார்.

சிவபிரகாஷ்


மண்ணரை
16.4.2007

தம்பி,

பதினொன்றாம் தேதி விசாரணை நடந்தது. உங்கள் தாளை முழுதாகப் படித்தார்கள். மாற்றச் சொன்னது சீனியம்மாள் என்ற இடம் வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. பையருக்காகச் சரக்கைப் பார்க்கிற சென்னை பையிங் ஆபீஸிலிருந்து ராஜபாண்டி என்று ஒருவர் வந்திருந்தார். அறுபத்துநாலு பெட்டிக் கணக்கையும், மார்ச் இருபத்துநாலாம் தேதித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேலையில் இல்லாத ஆள் எப்படிப் பாஸ் பண்ணுவார் என்று கேட்டார். கிட்டத்தட்ட என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவே பேசினார்கள். நீங்கள் எட்டு நாள் யோசித்துச் சாக்குச் சொல்லிக் கடிதம் எழுதினீர்கள், அடுத்த கடிதத்தில் உண்மையை எழுதிவிட்டீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

ராஜபாண்டி அடுத்த கேள்வி கேட்டார். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் போகட்டும், நவம்பரில் ஊசி மிஷின் ஓடியதா? அவர் விசாரித்த வரையில் அது எட்டாம் தேதியிலிருந்து ஒன்பது வேலை நாள் ஓடவே இல்லையாம். ஈஸ்வரமூர்த்தி சார் தனக்குத் தெரியாது என்றார். மிஷினில் நிற்கிற பொம்பளை சொல்லவில்லை என்றார். அனுசுயாவைக் கூப்பிட்டார்கள். தினமும் சிலிப் எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கி, சீனியக்கா மேஜைத் தட்டில் போட்டதாகச் சொன்னாள். "எங்கீங்க அந்தச் சிலிப்பு?" என்று சார் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். அவளுக்கு முப்பது வயது. தூத்துக்குடி ஹாஸ்டலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்து வேலை பார்க்கிறாள்.

அந்தச் சிலிப்புகள் என்னிடம் இருக்கின்றன.

ஸ்கிரிப்ட் ஒய் அடிக்க ஆரம்பித்ததும் நான் சிலிப்பைப் படிப்பதை விட்டேன். தட்டில் சேர்ந்ததை மாதக் கடைசியில் ரப்பர் போட்டு டிராயரில் வைப்பேன். என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, டிபன் டப்பா எடுக்கப் போனபோது நவம்பர் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பது சிலிப்பில் அவள் கையெழுத்தில் 'மிஷின் ஓடலை, செக் பண்ணலை' என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் ஈஸ்வரமூர்த்தி சாரின் கையெழுத்தும் இருக்கிறது. அவரும் படிக்காமல்தான் போட்டிருப்பார். ஒன்பதையும் டப்பா பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களிடம்கூட மறைத்தேன். அதைக் காட்டினால் மேனேஜர் மாட்டுவார், அனுசுயா தப்பிப்பாள். ஆனால் தட்டில் வந்து கிடந்ததைப் படிக்காமல் ரப்பர் போட்டவள் நான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாற்றச் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்ளலாம், வேலை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? அடுத்த விசாரணை இருபத்தேழாம் தேதி. அவள் தினமும் தண்ணீர் பிடிக்க என் வாசலைத் தாண்டித்தான் போகிறாள்.

சீனியம்மாள்


பெங்களூர்
24.4.2007

சீனியம்மாள் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் சனிக்கிழமை பஸ் ஏறினேன். நானாக வரவில்லை. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்து, பையனை ஒரு நாள் வரச் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் சின்ன வேலை, அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றிருக்கிறார். அப்பாவும் என்னோடு கம்பெனிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் பேக்கிங் நடந்தது.

சின்ன வேலை என்ன என்று அங்கே போனபின்தான் சொன்னார். சீனி என்ற பெயரை எடுத்துவிட்டு அனுசுயா பெயரைப் போடவேண்டும். பழைய தேதிகளில் மாற்றமுடியுமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். "செரி, இனிமேல் வர்றதுக்காச்சும் மாத்திக் குடுங்க தம்பி. பேரு மட்டுந்தானுங்க" என்றார். அப்பா பக்கத்தில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அழித்தேன். வேறு பெயர் எதையும் போடவில்லை. யார் ஓட்டினாலும் அவரவர் பெயரை அவரவரே அடித்து உள்ளே போகவேண்டும் என்று மாற்றினேன். பிறகு கடைசிக் கேள்விக்கு ஒய் அடிக்கிற வரியை அழித்தேன். எதிரே இருந்த முதல் பெட்டியை ஸ்கேன் செய்து, என் பழைய பெயரில் உள்ளே போய் ஓட்டிக் காட்டினேன். நாலு கேள்விக்குப் பதில் போனது. ஐந்தாவதில் நின்று சத்தம் கொடுத்தது.

டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது வந்து அடியுங்கள் என்று அண்ணன் சொன்னார். யாரும் வரவில்லை. அவரும் அடிக்கவில்லை. அப்பாதான் கேட்டார்: "இந்தப் பொட்டியச் சோதிச்சாச்சுங்களா?" அண்ணன் வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை சேவூருக்கு வண்டி வரவில்லை. இன்றும் வரவில்லை. மிஷின்களுக்கு உறை போட்டுவிட்டதாக அம்மா போனில் சொன்னார். அப்பா அவிநாசியில் வேறு ஜாப் ஒர்க் கேட்டு அலைகிறார். என்னைத் திட்டவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல சாமி" என்றார்.

சிலிப்பை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். சொல்கிற தகுதி எனக்கு இல்லை. எனக்கு எட்டு நாள் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆகஸ்டிலிருந்தே இருந்தது.

சிவபிரகாஷ்


அவிநாசிபாளையம்
6.5.2007

தம்பி சிவபிரகாஷுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பனியன் மடித்துக் கவரில் போடுகிற ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கிடையாது. ஓனர் அம்மா ரங்காத்தாள் என்று பெயர், பழைய வேலையைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மடிக்கிற வேலை மட்டும் தருவதாகச் சொன்னார்கள்.

இருபத்தேழாம் தேதி காலை, கிளம்புவதற்கு முன்னால் அனுசுயா வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிலிப் ஒன்பதையும் அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையெழுத்தையும் மேனேஜர் கையெழுத்தையும் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு நான் அழுதப்பவும் இது ஒங்க வீட்டுலதான் இருந்துச்சாக்கா?"

"ஆமா."

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் கம்பெனிக்கு நடந்தோம். அவள் நாலு அடி முன்னால் போனாள். நான் எட்டிப் பிடிக்கவில்லை.

ராஜபாண்டியிடம் சிலிப்புகளைக் கொடுத்தது அவள்தான். எங்கே இருந்தன என்று சொன்னது நான். அவர் ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்டார். பயம் என்றேன். யாரிடம் பயம் என்றார். நான் அனுசுயா பக்கம் திரும்பினேன். ஈஸ்வரமூர்த்தி சார் அந்தக் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். அவரைக் கம்பெனியின் வேறு யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கவனக்குறைவு என்றும், ஆவணத்தை மறைத்தது என்றும் எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மை. அனுசுயா வேலையில் இருக்கிறாள். இப்போது அவள் பெயரிலேயே உள்ளே போய், மிஷினில் பெட்டியைப் பார்த்தபின் அவளே அடிக்கிறாளாம். ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி போன இடத்தில் நூற்றெழுபதுதான் போகிறது என்று செக்‌ஷனில் முணுமுணுப்பாம்.

வெளியே வரும்போது ராஜபாண்டியிடம் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு தையல் போட்டார்களாம், ஆறிவிட்டதாம், நடக்கிறதாம். இங்கே இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன். நானும் அன்றுதான் கேட்டேன்.

உங்கள் அப்பாவுக்கு வேலை கிடைத்ததா? இங்கே ஓனர் அம்மாவுக்குக் கழுத்துப்பட்டி தைக்க ஆள் தேவைப்படுகிறது. ஆறு மிஷினுக்கும் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டுக்காவது இருக்கும். உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

மண்ணரை வீட்டைக் காலி செய்த அன்று டெம்போவில் சாமான் ஏற்ற ஆள் இல்லை. அனுசுயா வெளியே வந்து, நான் கூப்பிடாமலே குடத்தையும் அடுப்பையும் தூக்கி உள்ளே வைத்தாள். பாய்ச் சுருட்டு நழுவாமல் கயிறு போட்டுக் கட்டினாள். வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றாள். போய்விட்டு வருகிறேன் என்றேன். தலையை மட்டும் அசைத்தாள்.

சீனியம்மாள்